அடைக்கோழியும் அடைகாப்பானும்: வீட்டில் குஞ்சு பொரித்தலின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

கோழி முட்டையைக் குஞ்சாக்கும் வெப்பத்தை அறிந்தவர் யார், அவ்வறிவு எங்கே தங்கியிருந்தது என்னும் வினாவை முன்வைத்து வீட்டில் குஞ்சு பொரித்தலின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. எகிப்தியப் பொரிப்பு அடுப்புகள், ரெய்யமூரின் சோதனைகள், பத்தொன்பதாம் நூற்றாண்டு விளக்குப் பொறிகள், தமிழ் வீடுகளின் அடைவைப்பு முறை ஆகியவை ஒப்புநோக்கப்படுகின்றன. பொறிவழிப் பொரிப்பு வளர்ந்தபோது பேட்டின் அடையுணர்வு குறைபாடாக மதிப்பிடப்பட்டது என்பதும், அம்மதிப்பீடு வீட்டின் தற்சார்பைப் பறித்தது என்பதும் கட்டுரையின் வாதங்கள்.

திறவுச்சொற்கள்: அடைகாத்தல், அடைவைப்பு, நாட்டுக்கோழி, எகிப்திய அடுப்பு, வெப்பச்சீராக்கி, சிறுவாடு.

முன்னுரை

முட்டை பொரிப்பின் வரலாறு பெரும்பாலும் இயற்கையிலிருந்து செயற்கைக்கு, பேட்டிலிருந்து பொறிக்கு என்ற நேர்க்கோட்டில் எழுதப்படுகிறது. இக்கோடு வசதியானது; ஆனால் உண்மையைப் பாதியே காட்டுகிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எகிப்தில் பேடின்றி ஆயிரக்கணக்கான குஞ்சுகள் பொரிக்கப்பட்டன. இன்றும் தமிழகச் சிற்றூர்களில் கூடையும் வைக்கோலும் கொண்டு அடை வைக்கின்றனர். எனவே காலவரிசையைக் காட்டிலும் அறிவின் இருப்பிடமே இவ்வரலாற்றைப் பிரித்தறிய உதவும் அளவுகோலாகும். வெப்பத்தை அறியும் திறன் சில இடங்களில் பேட்டின் உடலில் இருந்தது. சில இடங்களில் ஒரு குடியினரின் கண்ணிமையில் இருந்தது. பின்னர் அது கண்ணாடிக் குழாய்க்கும் உலோக உறைக்கும் மாறியது. இறுதியில் ஒரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறைக்குச் சென்றது. இம்மாற்றங்கள் ஒவ்வொன்றிலும் வீடு எதைப் பெற்றது, எதை இழந்தது என்பதே இங்கு ஆராயப்படுவது.

சொல் காட்டும் சான்றுகள்

அடைகாத்தல், அடைகிடத்தல், அடைக்கோழி, அடைமுட்டை என விரியும் சொற்குடும்பம் இத்தொழிலுக்குத் தமிழில் உண்டு. தென்மாவட்டங்களில் ‘அவயம் வைத்தல்’ என்னும் வழக்கும் கேட்கப்படுகிறது. பொரித்தல் என்னும் வினை இவற்றினும் நுண்மையானது. நெல் பொரிவதற்கும் முட்டை பொரிவதற்கும் தமிழ் ஒரே சொல்லை ஆள்கிறது. உள்ளிருந்து சூடேறி, ஓடு வெடித்து, உருமாறி வெளிப்படுதல் என்னும் பொதுமை இரண்டிலும் இருத்தலை நோக்கும்போது, குஞ்சு வெளிப்படுதலை வெப்பத்தின் விளைவாகவே மொழி கண்டிருக்கிறது எனக் கருத இடமுண்டு. கெட்டுப்போன முட்டை கூமுட்டை. அறிவு முதிராதவனை ஏசவும் இச்சொல் பயன்படுவது, அடைவைப்பு அன்றாட வாழ்வில் எவ்வளவு நெருங்கியிருந்தது என்பதற்குச் சான்று.

தொல்காப்பிய மரபியல் பறவைகளின் இளமைப் பெயர்களாகப் பார்ப்பு, பிள்ளை ஆகியவற்றைக் குறிக்கிறது. கோழிக்கும் கூகைக்கும் மட்டுமே உரிய பெண்பாற் பெயராக அளகு என்பதையும் அது வரையறுக்கிறது. குறுந்தொகையின் 139ஆம் பாடலில், ஒக்கூர் மாசாத்தியார், மாலைப் பொழுதில் வேலியருகே வெருகு வரக்கண்டு தன் குஞ்சுகளைக் கூவியழைக்கும் வீட்டுக் கோழிப்பேட்டை உவமையாக்குகிறார். உவமை மருதத்துப் பூசலைச் சொல்ல வந்தது. ஆயினும் வீட்டு முற்றத்தில் குஞ்சுகளோடு திரியும் தாய்க்கோழி அன்றைய வாசகர்க்கு விளக்கம் வேண்டாத காட்சியாக இருந்தது என்பதையும் அது தெரிவிக்கிறது. அகநானூற்றின் 160ஆம் பாடல் ஆமை மணலில் மறைத்திட்ட முட்டையை அதன் ஆண் காத்திருத்தலைக் கூறுகிறது. அடைகாத்தல் குறித்த பழந்தமிழ் நோக்கு கோழியோடு நின்றுவிடவில்லை.

இந்நோக்கு பிற்காலத்தில் தத்துவ வடிவமும் பெற்றது. சைவ தீட்சை வகைகளை விளக்குவோர், மீன் பார்வையாலும் ஆமை நினைவாலும் பறவை தீண்டலாலும் தத்தம் முட்டைகளைப் பொரிக்கின்றன என்னும் உவமையைக் கையாள்கின்றனர். நயன தீட்சைக்கு மீனும், மானத தீட்சைக்கு ஆமையும், பரிச தீட்சைக்குக் கோழி முதலிய பறவையும் எடுத்துக்காட்டு. உயிரியல் நோக்கில் முதலிரண்டும் பொருந்தா. மூன்றாவது மட்டும் எவரும் தம் வீட்டில் சரிபார்க்கக்கூடியது. முட்டைக்கு வேண்டுவது தொடுதலே என்பதை அடைக்கோழியை ஒருமுறை தூக்கிப் பார்த்தவரும் அறிவர்.

இருபத்தொரு நாட்களின் இயக்கம்

வரலாற்றை மதிப்பிட, பேடு செய்யும் வேலை யாது என்பது முதலில் தெளிவாக வேண்டும். கோழி முட்டை பொரிய 21 நாட்கள் ஆகும். காற்று விசிறியால் சுழலும் பொறியில் ஏறத்தாழ 37.5 செல்சியசு வெப்பம் தேவை. விசிறியற்ற பெட்டியில் மேற்புறம் சூடாகவும் கீழ்ப்புறம் குளிராகவும் இருப்பதால் முட்டையின் மேல்மட்டத்தில் ஒரு பாகையளவு கூடுதலாக வைக்கின்றனர். முதல் 18 நாட்களில் காற்றின் ஈரப்பதம் 50 முதல் 55 விழுக்காடும், இறுதி மூன்று நாட்களில் 65 முதல் 70 விழுக்காடும் இருத்தல் நன்று. இக்காலத்தில் முட்டை தன் எடையில் எட்டில் ஒரு பங்கை நீராவியாக இழக்கிறது. அவ்விழப்பால் அகன்ற முனையில் காற்றறை விரிகிறது. ஓட்டை உடைக்கும் முன் குஞ்சு முதன்முதலாக மூச்சு வாங்குவது அவ்வறையிலிருந்தே. ஈரம் மிகுந்தால் அறை விரியாது. குறைந்தால் சவ்வு உலர்ந்து குஞ்சு உள்ளேயே ஒட்டிக்கொள்ளும்.

முட்டையைத் திருப்புதலும் இன்றியமையாதது. திருப்பப்படாத முட்டையில் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டி இறக்கிறது. பேடு நாள்தோறும் பலமுறை அலகால் முட்டைகளைப் புரட்டுகிறது; ஓரத்தவற்றை நடுவுக்கும் நடுவினவற்றை ஓரத்துக்கும் மாற்றுகிறது; ஒரு நாளில் ஒருமுறை சிறிது நேரம் இறங்கி இரையெடுக்கிறது. அடைக்கு வந்ததும் அதன் அடிவயிற்று இறகுகள் உதிர்ந்து வெறுந்தோல் முட்டையைத் தொடுகிறது. இவ்வளவையும் இயக்குவது மூளையடிச் சுரப்பியிலிருந்து வரும் புரோலாக்டின் என்னும் இயக்குநீர். அது மிகும்போது முட்டையிடல் நின்றுவிடுகிறது. அடையுணர்வும் முட்டையீடும் ஒன்றையொன்று விலக்குவன என்னும் இவ்வுண்மையே பின்னர் வணிகத்தின் கண்ணில் பட்டது.

மற்றொரு செய்தியும் வரலாற்றைத் தீர்மானித்தது. இரண்டாம் வாரத்திலிருந்து கரு தானே வெப்பத்தை வெளியிடத் தொடங்குகிறது. முதிர்ந்த முட்டைகள் செறிந்த இடத்தில் சூடேற்றுவதைவிடச் சூட்டைத் தணிப்பதே சிக்கலாகிறது.

பெர்மே ஊராரும் அவர்தம் அடுப்பும்

எகிப்தியர் முட்டைகளை எருக்குவியலில் புதைத்துப் பொரித்தனர் என அரிஸ்டாட்டில் விலங்குகளைப் பற்றிய நூலில் குறிப்பிடுகிறார். சிராக்கூசு நகரத்துக் குடிகாரன் ஒருவன் பாய்க்கடியில் முட்டைகளை வைத்து அவை பொரியும்வரை இடைவிடாது குடித்தான் என்னும் கதையும் அங்கேயே வருகிறது. பேடு இல்லாப் பொரிப்பு கிரேக்கர்க்கு வியப்பாகவும் வேடிக்கையாகவும் தோன்றியிருக்கிறது. எரு பற்றிய செய்தி, எருவை எரிபொருளாகக் கண்டவர் வாயிலாகத் திரிந்து வந்ததாகலாம். ஏனெனில் பிற்காலத்தார் விரிவாக விவரிக்கும் எகிப்திய முறை, மண்செங்கல்லாலான அடுப்பு முறையே ஆகும்.

அவ்வடுப்பின் நடுவே ஒரு நீண்ட நடை. அதன் இருபுறமும் ஈரடுக்கு அறைகள். கீழறையில் பாயோ வைக்கோலோ பரப்பி ஆயிரக்கணக்கான முட்டைகள் அடுக்கப்படும். மேலறையில் சாணமும் வைக்கோலும் கனலாமல் புகைந்தெரியும். தரைத் துளை வழியே வெப்பம் கீழிறங்கும். ஏறத்தாழப் பத்து நாட்களுக்குப் பின் நெருப்பு அணைக்கப்பட்டு, முட்டைகளில் ஒரு பகுதி மேலறைக்கு மாற்றிப் பரப்பப்படும். கருவின் சொந்த வெப்பத்தைப் பற்றிய ஏட்டறிவு இல்லாமலேயே அதை முழுமையாகப் பயன்படுத்திய ஏற்பாடு இது. 1200ஆம் ஆண்டையொட்டி எகிப்துக்குச் சென்ற பாக்தாது மருத்துவர் அப்துல் லத்தீப் இம்முறையை நுணுக்கமாக எழுதிவைத்தார்.

வெப்பமானி அங்கு இல்லை. பணியாளர் முட்டையை எடுத்து மூடிய கண்ணிமைமீது வைத்துச் சூட்டை அறிந்தனர். இவ்வழக்கம் இன்றும் எகிப்தின் மரபுவழிப் பொரிப்பகங்களில் தொடர்கிறது. இமைத்தோல் மெல்லியது; ஒரு பாகை வேறுபாட்டையும் பழகியவர்க்கு உணர்த்த வல்லது. ஆனால் பழக்கம் ஏட்டில் ஏறாது. பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியக் குறிப்புகளின்படி, நைல் கழிமுகத்துப் பெர்மே என்னும் ஊரினரே இக்கலையைத் தந்தையிடமிருந்து மகன் கற்கும் குடித்தொழிலாகப் பேணினர். பருவந்தோறும் பிற ஊர்களுக்குச் சென்று அடுப்புகளை நடத்தினர். முட்டை தருவோர்க்கும் அடுப்புக்காரர்க்கும் இடையிலான உடன்பாடு கவனத்துக்குரியது: மூன்று முட்டைக்கு இரண்டு குஞ்சு என்னும் விகிதம். அதற்கு மேல் பொரிந்தவை அடுப்புக்காரர்க்கு ஊதியம்.

எகிப்திய உழவர் வீடு ஆக, மிகப் பழங்காலத்திலேயே பொரிப்பு வேலையை வெளியே ஒப்படைத்துவிட்டது. சீனத்திலும் பிலிப்பீன்சிலும் சூடேற்றிய நெல்லினிடையே வாத்து முட்டைகளை வைத்துப் பொரிக்கும் முறைகளும் இவ்வாறு தொழில்முறையோர் கையிலேயே வளர்ந்தன.

உரோமானியர் வீட்டில் இதற்கு மாறான நிலை. இலிவியா கருவுற்றிருந்தபோது, பிறக்கப்போவது ஆணா எனக் குறியறிய ஒரு முட்டையைத் தன் மார்பிலும், விலக வேண்டிய நேரங்களில் செவிலியின் மார்பிலுமாக மாற்றி மாற்றி வைத்துப் பொரித்தாள் எனப் பிளினி எழுதுகிறார். அவள் பெற்ற மகன் பின்னாளில் பேரரசனான திபேரியசு. ஒற்றைமுட்டை ஆயினும், பெண்ணுடலே அடைகாப்பானாகிய பதிவு இது.

வெண்ணெய் வெப்பமானி

எகிப்தியக் கமுக்கத்தை ஐரோப்பிய வீட்டுக்குள் கொணர முயன்றவர் பிரெஞ்சு அறிவியலறிஞர் ரெய்யமூர். 1749இல் வெளிவந்த அவருடைய நூல், எகிப்தியர் தம் பிரமிடுகளைவிட இவ்வடுப்புகளுக்காகவே பெருமைப்பட வேண்டும் என்னும் கருத்தை முன்வைத்தது. அவருடைய முதல் முயற்சிகள் தோற்றன. நொதிக்கும் எருவின் வெப்பத்தை நேரடியாகப் பயன்படுத்தியபோது அதிலிருந்தெழுந்த ஈர ஆவி கருக்களைக் கொன்றது. பின்னர் பீப்பாயை எருவுக்குள் புதைத்து, ஆவி உட்புகாமல் தடுத்து, உள்ளே கூடைகளில் முட்டைகளை இறக்கி வெற்றி கண்டார். ரொட்டி சுடும் அடுப்பின் மேலறையிலும் சோதனை நிகழ்ந்தது.

அவர் தம் அளவையில் 32 பாகை என்று வரையறுத்தார். இது 40 செல்சியசுக்குச் சமம். இன்றைய அளவைவிடச் சற்று மிகுதியாயினும், பேட்டின் உடற்சூட்டை எண்ணாக மாற்றிய செயல் முக்கியமானது. எண் ஆகிவிட்டால் பெர்மே ஊரான் தேவையில்லை. ஆனால் அன்று வெப்பமானி உழவர் வீட்டுக்கு எட்டாப் பொருள். இதை உணர்ந்த ரெய்யமூர் ஓர் எளிய மாற்றுக் கூறினார்: வெண்ணெயும் விலங்குக் கொழுப்பும் கலந்து சிறு குப்பியில் அடைத்து முட்டைகளோடு வைக்க வேண்டும், கலவை கட்டியாக நின்றால் சூடு போதாது, எண்ணெய்போல் ஓடினால் சூடு மிகை, பாகுபோல் அசைந்தால் சரி. அடுக்களைப் பொருளைக் கொண்டு அடுக்களையிலிருப்பவர்க்கே அளவுகோல் செய்து தந்த இக்குறிப்பு, அறிவியல் வரலாற்று நூல்களில் ஓரவரியாகவே கடந்துபோகிறது. அது நூலின் மையத்தில் வைத்துப் பேசத்தக்கது.

விளக்கும் அஞ்சல் பெட்டியும்

வெப்பத்தை அளப்பது ஒன்று. அதை நிலைநிறுத்துவது வேறொன்று. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கொர்னேலிசு திரெப்பல் என்னும் டச்சுக்காரர், திரவம் விரிவதால் காற்றுவழி மூடித் திறக்கும் சீராக்கியைக் குஞ்சு பொரிக்கும் அடுப்பில் பொருத்தினார். ஆயினும் வீட்டில் வைக்கத்தக்க நம்பகமான பொறிக்கு 1881 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டில் இங்கிலாந்தின் சார்லசு ஹியர்சன், எளிதில் ஆவியாகும் திரவத்தை மெல்லிய உலோக உறைக்குள் அடைத்தார். குறித்த வெப்பத்தில் உறை உப்பி, ஒரு நெம்புகோலை உயர்த்தி, எண்ணெய் விளக்கின் புகைபோக்கி மூடியைத் திறந்து சூட்டை வெளியேற்றும், குளிர்ந்தால் மூடும். இரவெல்லாம் விழித்திருக்க வேண்டிய வேலையை நாணய அளவினதான ஓர் உறை ஏற்றுக்கொண்டது.

அமெரிக்காவில் 1879இல் கலிபோர்னியாவின் பெட்டலூமாவில் லைமன் பைசு உருவாக்கிய பொறி அச்சிற்றூரை உலகின் முட்டைக்கூடை என்று பெயர்பெறச் செய்தது. இப்பொறிகள் முதலில் பண்ணை வீடுகளுக்கென்றே விற்கப்பட்டன. வரலாறு அத்திசையில் தொடர்ந்திருந்தால் வீடுதோறும் ஒரு பொறி என்னும் நிலை வந்திருக்கும். அவ்வாறு நிகழாமைக்குக் காரணம் பொறி அன்று, தொடர்வண்டி. 1892இல் நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஜோசப் வில்சன், பொரித்த அன்றே குஞ்சுகளைப் பெட்டியிலிட்டுச் சிகாகோவுக்குத் தொடர்வண்டியில் அனுப்பினார். 1918இல் அமெரிக்க அஞ்சல்துறை ஒருநாள் குஞ்சுகளை அஞ்சலில் ஏற்றது.

உணவும் நீருமின்றி அவை பிழைத்தது எவ்வாறு? பொரிவதற்குச் சற்றுமுன் மஞ்சட்கருவின் எச்சம் குஞ்சின் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. அது மூன்று நாள் வரை தாங்கும். அடையில் எல்லா முட்டையும் ஒரே நேரத்தில் பொரிவதில்லை; முந்திப் பொரிந்தவை பிந்துவனவற்றுக்காகத் தாயின் சிறகடியில் காத்திருக்க இயற்கை வைத்த கட்டுச்சோறு அது. அக்கட்டுச்சோற்றை வணிகம் ஆயிரம் கல் தொலைவுப் பயணத்துக்குப் பயன்படுத்திக்கொண்டது. குஞ்சையே வாங்க முடியும்போது முட்டையைப் பொரிக்க வேண்டியதில்லை. 1922இல் ஓகாயோவின் ஐரா பீட்டர்சைம் மின்சாரப் பொறியைக் கொணர்ந்தபின், பொரிப்பு முற்றிலும் தொழிற்சாலை வேலையாயிற்று.

தமிழ் வீட்டில் அடைவைப்பு

தமிழகச் சிற்றூர் வீடு இவ்வரலாற்றுக்குள் தாமதமாகவே வந்தது. அங்கு அடைகாப்பான் என்பது பேடே. அதைக் கண்காணித்தவர் பெண்டிர். பேடு ஒரு பருவத்தில் பத்து முதல் பதினைந்து முட்டையிட்டபின் கேறிக்கொண்டே கூட்டைவிட்டு எழாதிருப்பது அடைக்கு வந்ததன் அறிகுறி. அப்போது இட்ட முட்டைகளில் புதியனவற்றைத் தெரிந்து, அகன்ற மண்சட்டியிலோ கூடையிலோ மணலோ உமியோ பரப்பி, மேலே வைக்கோலிட்டு, இருள்சூழ்ந்த மூலையில் வைப்பர். ஒரு வாரத்துக்கு மேற்பட்ட முட்டையை ஒதுக்குதல், ஓரளவான எண்ணிக்கைக்கு மேல் வைக்காதிருத்தல், இருட்டில் விளக்கொளியில் முட்டையைப் பிடித்துப் பார்த்துக் கரு ஏறாததை எடுத்துவிடுதல், இறுதி நாட்களில் வெதுவெதுப்பான நீரில் இட்டு அசைவைப் பார்த்தல் ஆகிய ஒவ்வொன்றும் இன்றைய கையேடுகளின் அறிவுரையோடு ஒத்துச்செல்கிறது. ஈர மணல் ஈரப்பதத்தைக் காத்தது. சட்டியின் குழிவு முட்டைகளை நடுவில் சேர்த்தது.

முட்டைகளிடையே இரும்புத் துண்டும் கரியும் வரமிளகாயும் வைக்கும் வழக்கம் பலராலும் மூடநம்பிக்கையென ஒதுக்கப்படுகிறது. இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகும் என்பதே அதற்குக் கூறப்படும் காரணம். வியப்பிற்குரியது, கி.பி. முதல் நூற்றாண்டின் உரோமானிய வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லா இதையே பதிவுசெய்திருப்பது. அடைவைக்கும் வைக்கோலுக்கடியில் புல், வாகைசூடும் லாரல் மரக்கிளை, பூண்டு ஆகியவற்றோடு இரும்பாணியையும் வைப்பர் என்றும், இடியால் முட்டை கெடாதிருக்கவே அவ்வாறு செய்வர் என்றும் அவர் கூறுகிறார். முட்டைகளை ஒற்றைப்படை எண்ணில் வைக்க வேண்டும் என்பதும் அவர் குறிக்கும் விதி. அதுவும் தமிழகத்தில் வழங்குவதே. இவ்வொப்புமையைக் கொண்டு முசிறித் துறைமுகத்தின் வழியே நம்பிக்கை கப்பலேறி வந்ததென முடிவுகட்டுதல் அவசரமாகும். இடிமழைக் காலத்தின் புழுக்கத்தில் முட்டை விரைந்து கெடுவதும், பேரொலிக்கு வெருண்ட பேடு அடையைவிட்டு எழுவதும் எந்நாட்டிலும் நிகழக்கூடியன. ஒரே இழப்பு இரு நாட்டிலும் ஒரே விளக்கத்தைப் பிறப்பித்திருக்கலாம்.

அடைவைப்பின் பொருளியலும் கருதத்தக்கது. கோழி, முட்டை விற்ற காசு பெரும்பாலும் ஆடவர் கணக்கில் சேராத சிறுவாடு. கோழியில்லாத வீட்டினர் பிறர் பேட்டை வாரத்துக்கு வாங்கி வளர்த்து, வரும் குஞ்சுகளில் பாதியைத் திருப்பித் தந்தனர். எகிப்திய அடுப்பின் மூன்றுக்கு இரண்டு என்னும் விகிதத்தோடு இப்பாதிவாரத்தை ஒப்பிடுவது பயனுடையது. அங்குப் பிறர்க்கு ஒப்படைக்கப்பட்டது முட்டை. இங்கு ஒப்படைக்கப்பட்டது பேடு. அங்கு அறிவு அடுப்புக்காரரிடமே நின்றது. இங்கு பேட்டோடு சேர்ந்து வீடு வீடாகச் சென்றது. தாயில்லா வாத்து, வான்கோழி முட்டைகளையும் நாட்டுக்கோழியின் அடியில் வைத்துப் பொரிப்பது இவ்வறிவின் நீட்சி. வாத்து முட்டைக்கு 28 நாள் வேண்டும் என்பதால் கோழியை ஒரு வாரம் கூடுதலாக அமர்த்திவைப்பர். பேடு எதிர்ப்புக் காட்டுவதில்லை.

குஞ்சு வேண்டாதபோது அடையை முறிக்கவும் வழியுண்டு. பேட்டை நீரில் முக்கியெடுத்தல், மூக்குத் துளையில் அதன் இறகொன்றைச் செருகிவிடுதல் ஆகியவற்றால் அடை தெளிவிக்கப்பட்டது. இவ்விரண்டாம் முறை பேட்டுக்குத் துன்பம் தருவது என்பதில் ஐயமில்லை. அடையுணர்வை வேண்டும்போது பயன்படுத்தி வேண்டாதபோது தணிக்கும் உரிமை வீட்டாரிடம் இருந்தது என்பது இங்கு நோக்கத்தக்கது. பின்னர் வந்த வணிக இனப்பெருக்கம் அவ்வுணர்வை மரபணுவிலிருந்தே நீக்க முற்பட்டது.

மார்த்தாண்டம் முதல் நாமக்கல் வரை

1920களில் ஒய்.எம்.சி.ஏ. இயக்கம், கே.டி. பால் வகுத்த திட்டத்தின் வழி, திருவிதாங்கூரிலிருந்த மார்த்தாண்டத்தில் கிராமப் புனரமைப்பு மையத்தை நிறுவியது. அதை நடத்திய அமெரிக்கர் ஸ்பென்சர் ஹாட்ச். அவருடைய குடும்பப் பெயருக்கு ஆங்கிலத்தில் குஞ்சு பொரித்தல் என்றே பொருள். தற்செயலின் குறும்பு எனலாம். தேனீ வளர்ப்போடு கோழி வளர்ப்பும் முட்டைக் கூட்டுவிற்பனையும் அம்மையத்தின் பணிகளாயின. 1932இல் வெளிவந்த அவருடைய நூல் இப்பணிகளை உலகறியச் செய்தது.

அக்காலக் கோழி மேம்பாட்டில் வெள்ளை லெகார்ன் முதலிய அயலினச் சேவல்களை நாட்டுப் பேடுகளோடு இணைப்பதும், உயரின முட்டைகளை ஊராருக்கு வழங்குவதும் பொதுவான வழிகள். வழங்கப்பட்ட உயரின முட்டையைப் பொரித்தது நாட்டுக்கோழியே என்பது அறிக்கைகளில் அழுத்தம் பெறுவதில்லை. லெகார்ன் பேடு அடைக்கு அமர்வது அரிது. எனவே தன்னை இடம்பெயர்க்கப்போகும் இனத்தை நாட்டுக்கோழியே தன் வெப்பத்தால் பொரித்தளித்தது.

அதன்பின் நிகழ்ந்தது விரைவான மாற்றம். 1971இல் பி.வி. ராவ் வெங்கடேசுவரா பொரிப்பகத்தைத் தொடங்கினார். நாமக்கல் வட்டாரம் கூண்டுமுறை முட்டைக் கோழிப் பண்ணைகளின் நடுவிடமாயிற்று. ஆண்டுக்கு 300க்கு மேல் முட்டையிடும் கோழிக்கு அடை என்பதே இல்லை. இருந்தால் அது கழித்துக்கட்டப்பட வேண்டிய குறை. அப்பண்ணையின் முட்டைகள் சேவலின்றி இடப்படுவதால் கருவற்றவை. எந்தப் பொறியிலும் பொரியா. வீட்டில் வளர்ப்பார்க்கு இதனால் நேர்ந்தது இரட்டை இழப்பு: கடை முட்டையைப் பொரிக்க இயலாது, பண்ணைப் பேட்டை அடைவைக்கவும் இயலாது. முட்டைக் கோழி இனத்தின் சேவற்குஞ்சுகள் பொரிப்பகத்தில் முதல் நாளே கொல்லப்படுதலையும் இங்குச் சேர்த்தெண்ண வேண்டும். வீட்டு அடையில் சேவற்குஞ்சு வீணாவதில்லை. அது விருந்துக்கும் நேர்த்திக்கடனுக்கும் உரியது; போருக்குப் பழக்கும் ஊர்களில் பேட்டினும் விலை மிக்கது.

தெர்மாகோல் பெட்டி

அண்மைக் காலத்தில் நாட்டுக்கோழி இறைச்சிக்கும் முட்டைக்கும் விலை உயர்ந்ததும், வீட்டுப் பொரிப்பு புதிய வடிவில் திரும்பியுள்ளது. தெர்மாகோல் பெட்டி, குண்டு பல்பு, கணினியிலிருந்து கழற்றிய சிறு விசிறி, எண்காட்டும் வெப்பச்சீராக்கி, ஒரு கிண்ணம் நீர் ஆகியவையே இதன் உறுப்புகள். திரெப்பலும் ஹியர்சனும் வாழ்நாளைச் செலவிட்ட சீராக்கி இன்று உள்ளங்கையளவு மின்சுற்றுப் பலகையாகச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. முட்டையின் இருபுறமும் குறியிட்டு நாளுக்கு மூன்று முறையேனும் கையால் திருப்புகின்றனர். 18ஆம் நாள் திருப்புதலை நிறுத்தி நீர்ப்பரப்பைக் கூட்டுகின்றனர்.

மின்தடையே பெருந்தொல்லை. ஓரிரு மணிநேரத் தடையை, குறிப்பாகப் பிற்பாதி நாட்களில், கரு தாங்கிக்கொள்ளும்; மூடியைத் திறக்காதிருத்தலே அப்போது செய்யத்தக்கது. குளிர்ச்சியினும் மிகைச்சூடே விரைந்து கொல்லும். இந்நுணுக்கம் எகிப்திய அடுப்பறையில் நெருப்பை அணைத்தவர்க்குத் தெரிந்த அதே நுணுக்கமாகும்.

இப்பெட்டியைப் பழைய அடைவைப்பின் மறுமலர்ச்சியெனக் கொண்டாடுவோர் உளர். அக்கூற்று முழுதும் ஏற்கத்தக்கதன்று. பெட்டி வைத்திருப்போரிற் பலர், முட்டையிடும் நாட்களை மிகுவிக்கவே பேட்டின் அடையைத் தெளிவித்து முட்டைகளைப் பொறிக்கு மாற்றுகின்றனர். அடையில் அமர்ந்து குஞ்சு பொரித்த பேடு மட்டுமே சந்ததி விட்டுச்செல்லும் என்பது வீட்டு முறையில் தானாகவே இயங்கிய தெரிவு. அமராத பேட்டின் முட்டைக்கும் அங்கே அயல்பேட்டின் அடி கிடைப்பதுண்டு. எனினும் அது விதிவிலக்கு. பொறியில் அத்தெரிவு இல்லை. அமராத பேட்டின் முட்டையும் அமரும் பேட்டின் முட்டையும் ஒருசேரப் பொரிகின்றன. முட்டை மிகுதியாக இடுவது அமராத பேடே ஆதலால் அடுத்த தலைமுறையில் அதன் மக்களே மிகுகின்றனர். நாமக்கல் கூண்டில் திட்டமிட்டு நிகழ்ந்தது நாட்டுக்கோழி முற்றத்தில் திட்டமின்றி நிகழத் தொடங்கியுள்ளது.

பெட்டியோடு பேட்டையும் விடாத வளர்ப்போர் சிலர் வேறொரு வழி காண்கின்றனர். பொறியில் வைக்கும் நாளிலேயே அடைக்கு வந்த பேட்டுக்கும் சில முட்டைகளை வைத்து, 21ஆம் நாள் இரவில், பெட்டியில் பொரிந்த குஞ்சுகளை ஒவ்வொன்றாக அதன் சிறகடியில் நுழைத்துவிடுகின்றனர். இருளில் பேடு அவற்றை வேறுபடுத்துவதில்லை. விடிந்ததும் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கி இரை காட்டுகிறது. அடுத்த ஆண்டு அடைவைக்க அப்பேட்டின் முட்டைகளையே அவர்கள் தனியே எடுத்துவைக்கின்றனர்.